கரையிலிருந்து தட்டை மீன்: எந்த ரிக்கை மாட்டுவது?

ஏப்ரல் பிறந்தால் போதும், குளிர்காலத்தில் ஆழத்தில் முட்டையிட்டு முடித்த பிளேஸ் என்கிற தட்டை மீன்கள் இங்கிலாந்தின் தெற்குக் கரைப் பக்கம் இரை தேடி வர ஆரம்பித்துவிடும். கூடவே எனக்குக் கேள்விகளும் வர ஆரம்பித்துவிடும். இந்த முறை வந்ததில் முக்கால்வாசி ரிக் (நரம்பின் நுனியில் மாட்டுகிற முள், கிளை நரம்பு, ஈயம் சேர்ந்த கட்டு) பற்றியவை என்பதால் அவற்றையே எடுத்துக்கொண்டேன். ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்தால் சேர்த்துவிட்டேன், கோபிக்காதீர்கள்.

கடையில் சுவர் முழுக்க ரெடிமேட் ரிக் பாக்கெட்டாகத் தொங்குகிறது. நான் இதற்குப் புதுசு, நண்பர்களோடு டங்கெனஸ் கடற்கரைக்குப் போகிறேன். பிளேஸ், டாப் பிடிக்க எதை வாங்கட்டும் அண்ணா?

அந்தச் சுவரைப் பார்த்து மலைக்காதீர்கள் தம்பி. பிளேஸ், டாப், ஃபிளவுண்டர், சோல் என்று எந்தத் தட்டை மீனுக்கானாலும், ரிக்கைப் பார்த்ததும் நான் கேட்பது ஒன்றுதான்: இதில் இரை மணலில் படுத்துக் கிடக்குமா, கிடந்தபடியே கொஞ்சம் அசையுமா? வயிற்றை மணலில் ஒட்டிக்கொண்டு வாழ்கிற மீன் இது. இரை அதன் தலைக்கு மேல் இரண்டு முழ உயரத்தில் ஆடிக்கொண்டிருந்தால் பெரும்பாலும் ஏறெடுத்துப் பார்க்காது.

தொடங்குவதற்கு இரண்டு வகை போதும். முதலாவது மூன்று முள் ஃபிளாப்பர். நம் ஊர்க் கைத்தூண்டில் மாதிரியேதான், கீழே ஈயம், அதற்கு மேல் நடு நரம்பில் மூன்று கிளை. நடு நரம்பு சுமார் 150 சென்டிமீட்டர், ஒவ்வொரு கிளையும் 25 முதல் 30. நீங்கள் நிற்பது தாழ்வான கடற்கரையில், வீசுவது ஐம்பது அறுபது மீட்டர் என்றால் நரம்பு தண்ணீருக்குள் சாய்ந்துதான் இறங்கும், அதனால் மூன்று இரையும் தரையை ஒட்டியே கிடக்கும். மூன்று முள்ளிலும் மூன்று விதமாக இரை மாட்டி, அன்றைக்கு எது எடுபடுகிறது என்று பார்க்கவும் வசதி.

இரண்டாவது ‘ஒன் அப் ஒன் டவுன்’. ஒரு கிளை மேலே, குட்டையாக. இன்னொன்று ஈயத்துக்குப் பக்கத்திலிருந்து கிளம்பி ஒரு மீட்டர் வரை நீளமாக. வீசும்போது முட்கள் கிளிப்பில் மாட்டியிருக்கும், ஈயம் தண்ணீரில் மோதியதும் கழன்றுவிடும். இரை காற்றில் படபடக்காமல் போவதால் தூரம் கூடும். அந்த நீளக் கிளை ஈயத்தைத் தாண்டி மணலில் விழுந்து நீரோட்டத்தோடு மெல்ல அசையும். பெரிய பிளேஸ் பல நாள் அந்தக் கீழ் முள்ளில்தான் ஏறும். விஷ்போன், லூப் ரிக் எல்லாம் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

மணி, சீக்வின் என்கிற ஜிகினா வட்டு, கரண்டித் தகடு என்று பத்துப் பவுண்டுக்கு வாங்கி மாட்டினேன். நண்பர் சிரிக்கிறார். உண்மையில் பயன் உண்டா?

எந்த மீனுக்கு என்று கேட்டால் பதில் சொல்லலாம். பிளேஸ் பகலில் கண்ணால் பார்த்து இரை தேடுகிற மீன். தெளிந்த தண்ணீரில் முள்ளுக்கு மேலே பச்சை, கறுப்பு, வெள்ளை என்று நாலைந்து மணி கோத்தால் நல்ல வித்தியாசம் தெரியும். ஃபிளவுண்டருக்கும் மினுக்குப் பிடிக்கும். வெள்ளைத் தகட்டின் பின்னால் புழுவை மாட்டி மெதுவாக இழுத்து அதைப் பிடிப்பது இங்கே பழைய முறை. டாப்புக்கு ஓரிரு மணி போதும். சோல் ராத்திரியில் மோப்பத்தாலும் தொட்டுப் பார்த்தும் தேடுகிற மீன், அதற்கு எதுவும் வேண்டாம்.

புயலுக்குப் பிறகு கடல் டீ நிறத்தில் கலங்கியிருந்தால் மணியை நம்பாதீர்கள், இரையை மாற்றுங்கள். அப்புறம், மணி கோத்த கிளை கொஞ்சம் கனக்கும், காற்றையும் பிடிக்கும், தூரம் குறையும். அதனால் ஒரு கிளையில் மட்டும் மணி, மற்றதில் வெறும் முள் என்று வைத்துப் பார்ப்பதுதான் என் வழக்கம். உங்கள் நண்பர் சோல் பிடிக்கிறவராக இருந்தால் அவர் சிரித்ததில் நியாயம் இருக்கிறது.

சவுத்எண்ட் பியரிலிருந்து (கடலுக்குள் நீளும் பாலம்) மூன்று முள் ரிக் போட்டோம். கீழ் முள்ளில் மட்டும் கடி, மேலே உள்ள இரண்டும் போட்டபடியே வருகின்றன. ஏன்?

மேலே சொன்ன சாய்வு விஷயம்தான். பியர் உயரம், நீங்கள் காலடியில் நேராக இறக்கியிருப்பீர்கள். அப்போது நரம்பு செங்குத்தாக நிற்கும், மேல் முள் தரையிலிருந்து ஒரு மீட்டருக்கு மேலே தொங்கும். வைட்டிங் மீன் வந்தால் கடிக்கும், தட்டை மீன் வராது.

வழி இரண்டு உண்டு. கொஞ்சம் தள்ளி வீசிவிட்டு, ஈயம் தரையில் உட்கார்ந்ததும் இரண்டு மூன்று மீட்டர் நரம்பைத் தளர்த்தி விடுங்கள், ரிக் சாய்ந்து மணலில் படுக்கும். இல்லையென்றால் ரிக்கையே மாற்றுங்கள். ஈயத்துக்குக் கீழே ஒரு மீட்டர் நீளத்தில் ஒரே கிளை, அதன் நுனியில் ஒரு முள், முள்ளிலிருந்து ஒரு சாண் மேலே ஒரு குட்டிக் கிளையில் இன்னொன்று. இரண்டும் தரையில்தான் கிடக்கும். சவுத்எண்ட், டீல் போன்ற பியர்களுக்கு நான் பரிந்துரைப்பது இதைத்தான்.

முகத்துவாரத்தில் ஃபிளவுண்டருக்கு எவ்வளவு தூரம் வீச வேண்டும்? என் ராட் 12 அடி, ஆனாலும் எழுபது மீட்டருக்கு மேல் போகவில்லை.

எழுபது மீட்டர் வீசினால் பாதி மீன் உங்களுக்கும் உங்கள் இரைக்கும் நடுவில் இருக்கும். கடல் ஏறும்போது ஃபிளவுண்டர் அந்த ஏற்றத்தின் விளிம்போடு சேற்று மேட்டுக்கு மேய வருகிறது. முழங்கால் ஆழத் தண்ணீரில்கூடக் கிடைக்கும். இருபது முப்பது மீட்டரில் தொடங்குங்கள்.

இங்கே ரன்னிங் லெட்ஜர் போதும், அதாவது நரம்பில் தாராளமாக ஓடுகிற ஒரு ஈயம், ஒரு தடுப்பு மணி, சுவிவல் (சுழலும் இணைப்பு வளையம்), அதன் பிறகு 60 முதல் 90 சென்டிமீட்டர் கிளை, ஒரே முள். மீன் இரையை எடுத்துக்கொண்டு நகரும்போது ஈயத்தின் கனம் அதற்குத் தெரியாது. ஈயமும் மணலைப் பற்றுகிற கம்பிக்கால் இல்லாத வழுவழுப்பானதாக இருக்கட்டும், இரண்டு மூன்று அவுன்ஸ் போதும். ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை ரீலை மூன்று நான்கு சுற்று சுற்றுங்கள். ஈயம் இழுபடும் இடத்தில் சேறு புகை மாதிரி எழும்பும், அந்தப் புகையைப் பார்த்து ஃபிளவுண்டர் திரும்பி வரும். நிறைய கடி ஈயம் நகர்ந்து நின்ற அடுத்த நொடியில்தான் விழுகிறது.

இரைக்குப் பீலர் நண்டு, அதாவது ஓடு கழற்றப்போகிற நண்டு, அதைவிடச் சிறந்தது இல்லை. கிடைக்காவிட்டால் ராக் வார்ம் என்கிற கடற்புழு.

எத்தனை கவனமாகக் கட்டினாலும் கிளைகள் சிக்கிக்கொண்டு கொத்தாக வருகின்றன.

நான்கு இடத்தைப் பாருங்கள். முதலில் நீளம்: ஒரு கிளையை நீட்டினால் அதன் முள் அடுத்த கிளையின் அடிப்பகுதியை எட்டவே கூடாது. கிளை 30 என்றால் இடைவெளி 40 வைக்கலாம். அடுத்து சுவிவல்: கிளையை நடு நரம்பில் முடிச்சாகக் கட்டாமல் சின்ன சுவிவலில் கட்டி, இரண்டு பக்கமும் மணி வைத்து, கிரிம்ப் (நசுக்கிப் பிடிக்கவைக்கும் சின்ன உலோகக் குழல்) அடித்து நிறுத்துங்கள். அந்த மணிக்கும் கிரிம்புக்கும் நடுவே ஒரு மில்லிமீட்டர் இடம் இருக்க வேண்டும். இறுக்கி அடித்துவிட்டால் சுவிவல் சுற்றாது, கிளை நடு நரம்பைச் சுற்றிக்கொள்ளும். பல ரெடிமேட் பாக்கெட்டுகளிலேயே இந்தக் கோளாறு இருக்கிறது, வாங்கும்போது விரலால் சுற்றிப் பாருங்கள்.

மூன்றாவது நரம்பின் விறைப்பு. கிளைக்கு 15 முதல் 20 பவுண்டு பலமுள்ள ஃபுளூரோகார்பன் நரம்பு போடுங்கள், அது சாதாரண நரம்பைவிட விறைப்பு. எட்டுப் பவுண்டு மெல்லிய நரம்பு போட்டால் மீன் கூச்சப்படாது என்று சிலர் சொல்வார்கள், அலை அடிக்கிற கரையில் அது சிக்குவதற்கென்றே செய்தது. நான்காவது, இரை சுழல்வது. புழுவை முள்ளில் நேராக ஏற்றி, மீள்நூலால் நாலு சுற்று சுற்றிக் கட்டுங்கள். ஒரு பக்கம் தொங்கினால் இழுக்கும்போது காற்றாடி மாதிரி சுற்றி மொத்தத்தையும் முறுக்கிவிடும்.

முள் என்ன நம்பர்? மீன் விழுங்கிவிடுகிறது, எடுக்கப் போனால் குடலோடு வருகிறது. மனசு கேட்கவில்லை.

நீளத் தண்டு உள்ள அபர்டீன் வகை முள் வாங்குங்கள். தட்டை மீன் வாய் சின்னது, விழுங்குகிற பழக்கமும் அதற்கு உண்டு, தண்டு நீளமாக இருந்தால் பிடித்துக் கழற்ற ஏதாவது கைக்கு அகப்படும். பிளேஸ், ஃபிளவுண்டருக்கு 1 அல்லது 2, டாப்புக்கும் சோலுக்கும் 4 அல்லது 6. நம்பர் கூடக் கூட முள் சிறுக்கும், கடையில் குழம்பாதீர்கள். திரும்ப விடப்போகிற மீன் ஆழமாக விழுங்கியிருந்தால் பிடுங்காமல் நரம்பை வாய்க்குப் பக்கத்தில் வெட்டிவிடுங்கள்.

ராத்திரி சோல் பிடிக்கப் போய் வெறுங்கையோடு திரும்புகிறோம். இரவு முழுக்க நூறு மீட்டருக்கு வீசினோம்.

கேள்வியிலேயே பதில் இருக்கிறது. கோடைக்கால அமைதியான இரவில் சோல் கரைக்கு மிக அருகில் வரும், அலை உடையும் இடத்துக்குச் சற்று வெளியே. இருபது முப்பது மீட்டர் போதும். டங்கெனஸ், சஃபோக் கரை எல்லாவற்றிலும் இதே கதைதான். ரிக் எளிமையாக, கிளைகள் தரையில் கிடக்கும்படி, 4 அல்லது 6 நம்பர் முள், சின்ன ராக் வார்ம் அல்லது லக் வார்ம் புழு. சோலின் வாய் கீழ்ப்பக்கமாக வளைந்திருக்கும், மணலை முகர்ந்துகொண்டே வந்துதான் எடுக்கும். இரை மிதக்கக் கூடாது. தலையில் மாட்டிய விளக்கைத் தண்ணீர் மேல் அடிக்காதீர்கள்.

கோடையில் மணல் கரையில் வீவர் என்றொரு சின்ன மீனும் ஏறும். முதுகில் கறுப்புத் துடுப்பு, அதில் விஷ முள். இருட்டில் என்ன மீன் என்று தெரியாமல் கையால் பிடித்துவிடாதீர்கள். குத்திவிட்டால் தாங்கக்கூடிய அளவு சூடான தண்ணீரில் குறைந்தது 30 நிமிடம் வையுங்கள்.

நண்டு இரையைத் தின்றுவிடுகிறது.

கிளையில் முள்ளை ஒட்டி மிதக்கும் மணி ஒன்று போடுங்கள், இரை நாலு விரல் உயரும். அதற்கு மேல் உயர்த்தினால் நண்டோடு மீனையும் இழப்பீர்கள். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை இரை மாற்றுங்கள். கடற்பாசி அதிகமான நாளில் மூன்று முள் வேண்டாம், ஒன்றே போதும்.

ஷாக் லீடர் (வீச்சின் அதிர்ச்சியைத் தாங்க முன்னால் கட்டுகிற தடித்த நரம்பு) கட்டாயமா? சின்ன மீனுக்கு எதற்கு 50 பவுண்டு நரம்பு?

மீனுக்கு இல்லை, ஈயத்துக்கு. ஒரு அவுன்ஸ் ஈயத்துக்குப் பத்துப் பவுண்டு என்பதுதான் கணக்கு, ஐந்து அவுன்ஸ் வீசினால் லீடர் 50. ரிக்கின் நடு நரம்பும் அதே பலம் இருக்க வேண்டும், இதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். வீச்சின் நடுவில் அறுந்தால் அந்த ஈயம் கரையில் நிற்பவர் தலையில் இறங்கும். இதில் பேரம் கிடையாது.

லைசென்ஸ் வேண்டுமா? எந்த அளவு மீனை வீட்டுக்குக் கொண்டுபோகலாம்?

இங்கிலாந்தில் கடல் மீனைக் கரையிலிருந்து ராடில் பிடிக்க லைசென்ஸ் தேவையில்லை, பியரில் அனுமதிக் கட்டணம் இருக்கலாம். பிளேஸ் 27 சென்டிமீட்டர், சோல் 24, அதற்குக் குறைந்தால் திரும்ப விட வேண்டும். மற்றவற்றுக்கு வட்டார விதி மாறும், போகிற இடத்து ஐ.எஃப்.சி.ஏ. (வட்டாரக் கரையோர மீன்வள அமைப்பு) விதியைப் பார்த்துக்கொள்ளுங்கள். எது எது என்று குழப்பமாக இருந்தால்: ஆரஞ்சுப் புள்ளியும் தலையில் எலும்பு முடிச்சு வரிசையும் இருந்தால் பிளேஸ். வாலிலிருந்து தலைப்பக்கம் தடவினால் சொரசொரப்பும், பக்கக் கோடு மார்புத் துடுப்புக்கு மேலே நன்றாக வளைந்தும் இருந்தால் டாப். ஃபிளவுண்டருக்குத் துடுப்பு ஓரத்தில் சொரசொரப்பு, அங்கே விரல் வைத்தால் போதும்.

ராட் நுனி ஆடியதும் வெட்டி இழுக்கிறேன், பாதி நேரம் ஒன்றும் இல்லை. எப்போது இழுப்பது?

இழுக்கவே வேண்டாம். பிளேஸ் முதலில் இரையின் நுனியைத்தான் வாயில் வைக்கும், நுனியில் இரண்டு மெல்லிய தட்டல் தெரியும், அவ்வளவுதான். அப்போது ராடை ஸ்டாண்டிலிருந்து எடுத்து ஒரு மீட்டர் நரம்பைத் தளர்த்திவிட்டு இரண்டு மூன்று நிமிடம் பொறுங்கள். இரையோடு கணவாய்த் துண்டையும் முள் நுனியில் தொங்கவிடுவதானால் மெல்லிய கீற்றாக வெட்டுங்கள், அகலத் துண்டு போட்டால் அதை மட்டும் பிடித்துக்கொண்டு முள்ளுக்கே வராது. அந்த இரண்டு மூன்று நிமிடம் ஆன பிறகு நிதானமாகச் சுற்றுங்கள், பெரும்பாலும் தானாகவே மாட்டியிருக்கும். ஃபிளாப்பரில் ஒரு மீன் ஏறியது தெரிந்தும் இன்னும் கொஞ்சம் விட்டுவைத்தால், அது துடிக்கிற சலனத்துக்கே பக்கத்து முள்ளில் இரண்டாவது ஏறுவதுண்டு. குட்டி மீன்களாகவே வருகிற நாளில் மட்டும் அப்படி விட்டுவைக்காதீர்கள், முள் உள்ளே போவதற்குள் சுற்றி எடுத்து விட்டுவிடுங்கள்.