எல்லைத் தூணில் எழுத்து தெரிய வேண்டுமா?

கேள்வி: அமெரிக்க–மெக்சிகோ எல்லையிலுள்ள பழைய எல்லைத் தூண்களைப் படமெடுக்கப் போகிறேன். நான் பார்த்த படங்களில் தூண் கறுத்துப்போய் எழுத்தே தெரிவதில்லை. எப்போது, எந்தப் பக்கமிருந்து எடுப்பது? சட்டச் சிக்கல் வருமா?

பதில்: நல்ல கேமராவைவிட, வெயில் எந்தப் பக்கம் விழுகிறது என்பதுதான் இங்கே முக்கியம். டெக்சாஸின் எல்பாசோ முதல் பசிபிக் கரை வரை, 1890களில் எல்லையை மறுபடி அளந்தபோது 1 முதல் 258 வரை எண் போட்ட தூண்கள் நிற்கின்றன. வடக்கு முகத்தில் ஆங்கிலம், தெற்கு முகத்தில் ஸ்பானிஷ். எல்லை கிழக்கு மேற்காக ஓடும் இடங்களில் ஆங்கில முகம் வருடத்தின் பெரும்பகுதி நிழலில்தான் கிடக்கும். படம் கறுப்பதற்கு இதுவே காரணம்.

ஜூன் மாதம் போக முடிந்தால் பாதி வேலை முடிந்தது. அப்போது சூரியன் வடகிழக்கில் உதிப்பதால், முதல் இரண்டு மூன்று மணி நேரம் வெயில் அந்த முகத்தை உரசிக்கொண்டு போகும். புடைத்த எழுத்து ஒவ்வொன்றின் ஓரத்திலும் மெல்லிய நிழல் விழும். துருவும் உரிந்த பெயின்டும் தாண்டி எண் பளிச்சென்று தெரியும். அரிசோனாவிலுள்ள நொகாலஸுக்கு மேற்கே எல்லை வடமேற்காகச் சாய்வதால், அங்கே மார்ச் முதல் செப்டம்பர் வரை காலையில் இதே வெளிச்சம் கிடைக்கும். குளிர்காலம் என்றால் ஃபிளாஷைக் கேமராவிலிருந்து கழற்றி, தூணின் பக்கவாட்டில் பிடித்து அடியுங்கள். எழுத்தின்மேல் சாக்பீஸ் மட்டும் தேய்க்காதீர்கள். சிதைப்பது இரு நாட்டிலும் தண்டனைக்குரிய குற்றம் என்று தூணிலேயே பொறித்திருக்கிறது.

அப்புறம் வேலி. அமெரிக்கா அதைக் கோட்டுக்குச் சற்று வடக்கே, தன் மண்ணில் கட்டியிருப்பதால், பல தூண்கள் அதற்குத் தெற்கே மாட்டிக்கொண்டன. வடக்கிலிருந்து எடுத்தால், கம்பி இடைவெளியில் லென்ஸை ஒட்டிவைத்து அபர்ச்சரை (லென்ஸின் ஒளித்துளையை) நன்றாகத் திறந்துவிடுங்கள். கம்பி மங்கி மறைந்துவிடும். தெற்கிலிருந்து எடுக்க, பாஸ்போர்ட்டோடு முறையான சாவடி வழியாகவே போய்த் திரும்புங்கள். வேலி இல்லாத இடத்திலும் தூணைச் சுற்றி வந்து மறுபக்கம் கால் வைக்க வேண்டாம். நியூ மெக்சிகோவில் எல்லையோர நிலம் 2025 ஏப்ரலில் அமெரிக்க ராணுவத்தின் பொறுப்புக்குப் போனது. அனுமதியில்லாமல் நுழைந்தால் வழக்குதான். எனவே அங்கே நிற்கும் 1ஆம் எண் தூணுக்கு, மெக்சிகோவின் ஹுவாரெஸ் நகரப் பக்கம், காசா தே அடோபே அருங்காட்சியகத்தருகே போவதே நல்லது.

இன்னொன்றும் செய்யுங்கள், இது என் ஆசை. 1890களின் அந்த அளவையின்போது டி. ஆர். பெய்ன் என்பவர் தூண்களை வரிசையாகப் படமெடுத்தார். நீங்கள் போகும் தூணின் பழைய படத்தை அச்செடுத்துக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். தூணின் உச்சி பின்னாலுள்ள மலையின் அதே மடிப்பில் வந்து சேரும்வரை இடம் வலமாக நகருங்கள். பிறகு தூணும் மலையும் பழைய படத்திலுள்ள அளவுக்கு வரும்வரை முன்னும் பின்னும் போங்கள். அவர் ட்ரைபாட் வைத்த இடம் ஏறக்குறைய அதுவாகத்தான் இருக்கும்.