கரையிலேயே பாதி ஆட்டம்

கேள்வி: துபாயில் இருக்கும் மச்சான் என் மகனுக்கு போகிமான் கார்டுகள் கொண்டுவந்தார். பையன் சோற்றை மறந்து அதிலேயே கிடக்கிறான். எல்லாம் அந்த மஞ்சள் பொம்மையின் பேருக்குத்தானே? கார்ட்டூன் மவுசு குறைந்தால் கார்டும் குப்பைதானே?
– ஒரு வாசகர், கீழக்கரை

பதில்: பேரைப் பார்த்துத்தான் வாங்குகிறார்கள், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பேருக்காகவே யாரும் விடாமல் ஆடுவதில்லை. மல்யுத்தக்காரர்கள் படம் போட்ட ட்ரம்ப் கார்டு நீங்களும் ஆடியிருப்பீர்கள். அண்டர்டேக்கரை விடப் பெரிய பேரா? உயரம், எடை என்று எண் பெரிதாக இருந்தவன் ஜெயித்தான். பத்து நாளில் எல்லா எண்ணும் மனப்பாடம். அப்புறம் யோசிக்க என்ன இருந்தது?

1993இல் ரிச்சர்ட் கார்ஃபீல்டு என்ற கணிதக்காரர் உருவாக்கிய 'மேஜிக்: தி கேதரிங்' என்ற கார்டு ஆட்டம் வெளிவந்தபோது அதைத் தூக்கிவிட கார்ட்டூனும் இல்லை, சினிமாவும் இல்லை. போகிமான் கார்டு ஜப்பானில் வந்ததே 1996இல்தான். மேஜிக்கை இன்றும் ஆடுகிறார்கள்.

சாதாரணச் சீட்டில் 52ம் எல்லாருக்கும் பொது. இந்த மாதிரி ஆட்டங்களில் உங்கள் சீட்டுக்கட்டை நீங்களே சேர்க்க வேண்டும். போகிமானில் சரியாக 60 கார்டு. மிருகங்கள் அடிக்கச் சக்தி தரும் அடிப்படை எனர்ஜி கார்டு தவிர, ஒரே பேரில் நான்குக்கு மேல் கூடாது. எனர்ஜியைக் குறைத்தால் பெரிய மிருகம் அடிக்க வழியில்லாமல் சும்மா நிற்கும். கூட்டினால் கை நிறைய எனர்ஜி, சண்டை போட ஆளில்லை. உங்கள் மகன் சோற்றை மறந்து போடுவது இந்தக் கணக்கைத்தான். பாம்பனில் நாட்டுப்படகு கிளம்பும்போது எந்த வலை, எவ்வளவு ஐஸ் என்று கரையிலேயே முடிவு செய்வதில்லையா? நண்டு வலையை ஏற்றிக்கொண்டு போய், சூடை மீன் சிக்கவில்லை என்று கடலைத் திட்ட முடியாது. தோற்ற பையன் அந்த இரண்டு கார்டை மாற்றியிருக்கலாமோ என்று ராத்திரி புரண்டு படுப்பான். மறுநாள் விடிந்ததும் கட்டைப் பிரிப்பான்.

குலுக்கலில் கொஞ்சம் அதிர்ஷ்டமும் உண்டு. அதனால் தம்பியும் எப்போதாவது அண்ணனை ஜெயிப்பான். சதுரங்கத்தில் அந்தக் கருணை கிடையாது.

அப்புறம், மச்சான் விலை ஏறும் என்று சொல்லி கார்டை உறை போட்டு பீரோவில் பூட்டச் சொன்னால் கேட்காதீர்கள். அடுத்த தடவை வரும்போது இன்னொரு கட்டு வாங்கிவரச் சொல்லுங்கள். பையனுக்கு எதிரில் உட்கார ஆள் வேண்டும். நீங்கள் வீட்டில் சும்மாதானே இருக்கிறீர்கள்?