ரெண்டு சமன்பாட்டை நீக்கல் முறையில போட்டாலே விடை வருதே, அப்புறம் கிராஃப் எதுக்கு?

ஒன்பதாவது பத்தாவது பசங்களுக்கு டியூஷன் எடுக்கிறேன், வருஷத்துக்கு ஒரு தடவையாவது இந்தக் கேள்வி வந்துரும். நான் படிக்கிறப்ப இதையே கேட்டு தலையில குட்டு வாங்கினவன், அதனால பொறுமையாவே சொல்றேன்.

வெறும் விடை மட்டும் வேணும்னா கிராஃப் வேண்டாம், சத்தியமா வேண்டாம். டீக்கடை கணக்கு ஒண்ணு எடுத்துக்கங்க. முதல் நாள் 2 டீ 3 வடை, பில் 54 ரூபா. மறுநாள் 1 டீ 2 வடை, 32 ரூபா. டீ விலை ட, வடை விலை வ. 2ட + 3வ = 54, ட + 2வ = 32. ரெண்டாவதை ரெண்டால பெருக்கினா 2ட + 4வ = 64, அதுல முதலாவதைக் கழிச்சா ட நீங்கிடும் (அதான் நீக்கல் முறை), வடை 10, டீ 12. அரை நிமிஷம் ஆகுமா?

இதையே கிராஃப் ஷீட்ல போட்டுப் பாருங்க. டீ விலை படுக்கை அச்சு, வடை விலை நிமிர்ந்த அச்சு, 1 செ.மீ. = 2 ரூபா. முதல் கோடு (0, 18), (27, 0) வழியா போகும், ரெண்டாவது (0, 16), (32, 0) வழியா. ரெண்டும் கிட்டத்தட்ட ஒரே சாய்வு, அதனால பளிச்சுனு வெட்டாம ஒண்ணையொண்ணு உரசிக்கிட்டே போகும், டீ 11 ரூபா இருக்கிற இடத்துல ரெண்டு கோட்டுக்கும் நடுவுல ஒரு மில்லிமீட்டர் கூட இடைவெளி இருக்காது, பென்சில் கொஞ்சம் மொட்டையா இருந்தா பையன் (11, 10.5)னு எழுதிட்டு வந்து நிப்பான். அவனைத் திட்டி என்ன பண்றது.

ஆனா கிராஃப் வேலை செய்யறதும் இங்கதான். கோடுங்க இப்படி உரசுதுன்னா விடை ஆட்டம் காணும்னு அர்த்தம். முதல் பில்லை 54க்கு பதிலா 55னு தப்பா எழுதிட்டீங்கன்னு வைங்க, டீ 14 ஆயிடும், வடை 9 ஆயிடும். ஒரு ரூபா தப்புக்கு டீ ரெண்டு ரூபா ஏறுது! கோடுங்க நல்லா குறுக்க வெட்டியிருந்தா இவ்வளவு ஆட்டம் இருக்காது. நீக்கல் முறை இதை உங்களுக்கு சொல்லவே சொல்லாது, அது பாட்டுக்கு 12, 10னு கம்பீரமா விடை தரும்.

அப்புறம் மறுநாள் 4 டீ 6 வடை 108 ரூபான்னா? நீக்கினா 0 = 0னு வரும், பசங்க "சார் எங்கயோ தப்பு பண்ணிட்டேன்"னு அழிக்க ஆரம்பிச்சிடுவாங்க. தப்பே இல்ல, பழைய பில்லே ரெண்டு மடங்கா வந்திருக்கு, அதே கோடு மேலயே இன்னொரு கோடு. அதுக்கே 100 ரூபா வாங்கினா 0 = 8, இணைகோடு, எங்கயும் வெட்டாது, விடையும் இல்ல. அதாவது ரெண்டு நாளும் ஒரே விலை போடல, ரெகுலர் கஸ்டமர்னு கடைக்காரர் 8 ரூபா குறைச்சிருப்பார்.

போடறப்ப ஒண்ணு, புள்ளிகளை தள்ளித் தள்ளி எடுங்க, பக்கத்துப் பக்கத்துல எடுத்தா ஸ்கேல் துளி நகர்ந்தாலும் கோடு எங்கயோ போயிடும். சரிபார்க்க மூணாவது புள்ளி ஒண்ணு கண்டிப்பா வைங்க. (குறுக்குப் பெருக்கல் முறை பத்தி கேக்காதீங்க, அந்த அம்புக்குறியை நானே இன்னும் மாத்திப் போடுவேன்.)

பத்தாவதுல காப்பியும் சேர்ந்து மூணு மாறி, அதாவது கண்டுபிடிக்க வேண்டிய விலை மூணு ஆயிடும், அப்ப ஒவ்வொரு சமன்பாடும் கோடு இல்ல, ஒரு தளம், கிராஃப் ஷீட்டுக்குள்ள அடங்காது. அங்க நீக்கல்தான் கதி. சீனாக்காரங்க 'ஒன்பது அத்தியாயங்கள்'ங்கிற பழைய கணக்கு நூல்ல மூணு தர நெற்கட்டுக்கு இப்படித்தான் நீக்கி நீக்கி விடை எடுத்திருக்காங்க, அந்த நூலுக்கு லியூ ஹுய் உரை எழுதினதே கி.பி. 263ல, கிராஃபுக்கு அடிப்படை போட்ட பிரெஞ்சுக்காரர் டெகார்ட்டோட வடிவியல் நூல் வந்தது 1637ல. கிராஃபை விட நீக்கல் அவ்வளவு பழசு.