நீச்சல் தெரியாது, லைஃப் ஜாக்கெட் போட்டா ஸ்நார்க்கலிங் பண்ணலாமா?

ஸ்நார்க்கலிங்னா கண்ணையும் மூக்கையும் மூடுற மாஸ்க், வாயால மூச்சு விட ஸ்நார்க்கல்னு ஒரு குழாய் போட்டுக்கிட்டு, தண்ணி மேல குப்புற மிதந்து கீழ மீன் பாக்கறது. நீங்க கேட்டது ரெண்டு விஷயம். ராயபுரத்துல இருக்கீங்க, பொங்கல் லீவுல குடும்பத்தோட அந்தமான் போறீங்க, நீச்சல் தெரியாது, ஜாக்கெட் மட்டும் போட்டா போதுமான்னு ஒண்ணு. போறதுக்கு முன்னாடி நம்ம பக்கத்து கடல்லயே மாஸ்க் போட்டு பழகிக்கலாமான்னு இன்னொண்ணு.

ரெண்டாவதுக்கு மொதல்ல பதில் சொல்லிடறேன், வேணாம் பாஸ். காசிமேட்லேர்ந்து எண்ணூர் வரைக்கும் கரையோரம் நிறைய இடத்துல கல்லு கொட்டி வச்சிருக்கு, தூண்டில் வளைவு, அதாவது கரையிலேர்ந்து கடலுக்குள்ள நீட்டி கல்லு போட்ட தடுப்பு, இருக்குற இடத்துல கல்லை ஒட்டியே தண்ணி உள்ள இழுத்துட்டு போகும், அலை தூக்கி அடிச்சா கல்லு மேலதான் விழணும். தண்ணியும் கலங்கல், மாஸ்க் போட்டு குனிஞ்சா உங்க கையே உங்களுக்கு தெரியாது. பசங்க தெர்மாகோல், காத்தடிச்ச ட்யூப்னு எடுத்துட்டு இறங்குறத பாத்துட்டு நாமளும் அப்படி போலாம்னு நினைக்காதீங்க, காலைல கரைக்காத்து அடிக்கும்போது ட்யூப் மேல படுத்தா அது உங்கள நைசா கடலுக்குள்ள கொண்டு போயிடும், திரும்பிப் பாக்கும்போது கரை தூரத்துல இருக்கும். எங்க மாமா மீன்பிடி ஆளு, அவரே எங்க வீட்டு பசங்கள ட்யூபோட இறங்க விடமாட்டாரு. பழகணும்னா பெரியமேடு மைலேடி பார்க் மாதிரி ஒரு கார்ப்பரேஷன் நீச்சல் குளத்துல மாஸ்க்குக்கு அனுமதி உண்டான்னு கேட்டுட்டு ஆழம் கம்மியா இருக்குற பக்கம் நின்னு பழகுங்க. அதுவும் முடியலன்னா வீட்ல பக்கெட்ல தண்ணி ஊத்தி, மாஸ்க் ஸ்நார்க்கல் போட்டு முகத்த உள்ள விட்டு, வாயாலயே மூச்சு விட்டு பாருங்க. சிரிக்காதீங்க, நிறைய பேர் பயப்படறதே மூக்கு அடைச்சிருக்குறதாலதான், கடல் ஆழத்தால இல்ல.

இப்ப ஜாக்கெட். போட்டா மிதப்பீங்க, அதுல சந்தேகமே வேணாம். ஆனா அதோட வேலை அவ்ளோதான். உள்பக்கம் லேபிள்ல 50, 100, 150ன்னு நம்பர் போட்டிருக்கும், அது நியூட்டன் கணக்கு, பத்து நியூட்டன்னா சுமாரா ஒரு கிலோவ தூக்கும். தண்ணிக்குள்ள ஒரு ஆளோட எடை சில கிலோதான் வரும், அதனால 50 போட்டாலே மிதப்பீங்க. ஆனா மயக்கம் போட்டு குப்புற கெடந்தா 50 நம்பர் ஜாக்கெட் உங்கள புரட்டி முகத்த மேல கொண்டு வராது, அந்த மாதிரி புரட்டறதுக்குன்னு செய்யறது 100லேர்ந்துதான் ஆரம்பம், அதுலயும் கட்டாயம் புரட்டும்னு எழுதி வாங்க முடியாது. ஸ்நார்க்கலிங்ல நாம குப்புறத்தான் கெடக்கிறோம்ன்றத யோசிச்சு பாருங்க.

இன்னொரு தொல்லை, தடியான ஆரஞ்சு கலர் ஜாக்கெட் உங்கள நிமித்தி நிக்க வைக்கத்தான் பாக்கும். நீங்க கீழ மீன் பாக்கணும்னு கழுத்த வளைச்சு குனிவீங்க, ஸ்நார்க்கல் சாயும், நுனி வழியா தண்ணி வாய்க்குள்ள வரும், பதறுவீங்க. இதுக்குன்னே வாயால ஊதற மெல்லிசு வெஸ்ட் இருக்கு, அதுல படுத்த மாதிரி மிதக்கலாம், ஆனா காத்து இறங்கிடலாம்ன்றதால நீச்சல் தெரியாதவங்களுக்கு நான் அத சொல்லமாட்டேன். தடி ஜாக்கெட்டே போடுங்க, கொஞ்சம் அசௌகரியம்தான், பரவால்ல.

வாடகை ஜாக்கெட்ட கண்ண மூடிட்டு வாங்காதீங்க. ஒரு இடத்துல எனக்கு குடுத்த ஜாக்கெட்ல உள்ள ஃபோம் அப்பளமா நொறுங்கி கெடந்துச்சு, பக்கிளும் பாதி உடைஞ்சிருந்துச்சு, கேட்டா ஒண்ணும் ஆகாது சார்ன்றான். வேற குடுன்னு நின்னு வாங்கினேன், நீங்களும் நில்லுங்க. எல்லா பக்கிளும் போட்டுட்டு வீட்ல யாரையாவது தோள்பட்டைய புடிச்சு மேல இழுக்கச் சொல்லுங்க, காது வரைக்கும் ஏறினா சைஸ் பெருசு. தொடை இடுக்குல போற பட்டி இருந்தா அதையும் மாட்டணும், குழந்தைங்களுக்கு அது கண்டிப்பா வேணும். பெரியவங்க ஜாக்கெட்ட இழுத்து கட்டி குழந்தைக்கு போடறது ரொம்ப தப்பு, உள்ளருந்து நழுவிடும்.

மாஸ்க்க பட்டி போடாம முகத்துல அழுத்தி மூக்கால லேசா உறிஞ்சுங்க, ஒட்டி நின்னா சரி. மீசை இருந்தா ஓரமா தண்ணி கசியும், மேல்உதட்ல வாஸ்லின் தடவிக்கலாம். முகம் முழுக்க மூடுற மாஸ்க் பாக்க ஜோரா இருக்கும், ஆனா வால்வு சரியில்லன்னா விட்ட மூச்சையே திரும்ப இழுப்பீங்க, அவசரத்துல சட்டுனு கழட்டவும் வராது, நான் அத தொடமாட்டேன்.

ஹவாய்ல ஸ்நார்க்கலிங் சாவு பத்தி ஒரு ஆய்வு பண்ணாங்க, அத படிச்சப்பறம்தான் எனக்கு ஜாக்கெட்ட விட மூச்சு பத்தி கவலை வந்துச்சு. தண்ணி குடிச்சு கைகால் உதறி சாகறது மட்டும் இல்ல, குறுகலான ஸ்நார்க்கல் வழியா கஷ்டப்பட்டு மூச்சு இழுக்க இழுக்க நுரையீரல்ல நீர் கோத்துக்கிட்டு, சத்தமே இல்லாம தளர்ந்து போறதும் நடக்குதுன்னு அவங்க சொல்றாங்க. நீச்சல் தெரிஞ்சவங்களும் இதுல விதிவிலக்கு இல்ல. அதனால திடீர்னு மூச்சு வாங்குதா, கை கால் சோர்றதா, இன்னும் ரெண்டு மீன் பாத்துட்டு போலாம்னு இருக்காதீங்க. ஸ்நார்க்கல துப்பிட்டு, தலைய தூக்கி, மல்லாக்க திரும்பி, மெதுவா ஆழமா மூச்சு விட்டுக்கிட்டே கைய ஆட்டி ஆள கூப்புடுங்க, கரைக்கு வந்துடுங்க. கால் தரையில எட்டுற இடத்துலயே இருந்தா பாதி பிரச்சனை வராது. ஆனா பவளப்பாறை மேல மட்டும் ஏறி நிக்காதீங்க, அதுவும் செத்துடும், உங்க காலும் கிழியும்.

அந்தமான்ல எலிஃபண்ட் பீச், நார்த் பே மாதிரி இடங்கள்ல கைடு ஒரு ரிங் புடிக்கக் குடுத்து இழுத்துட்டு போவாரு. போட்டோவுக்காக அத விட்டுறாதீங்க. சைகைய இறங்கறதுக்கு முன்னாடியே பேசிக்குங்க, டைவிங் ஆளுங்களுக்கு கட்டைவிரல் தூக்கினா மேல போகணும்னு அர்த்தம், நல்லா இருக்கேன்னு சொல்ல விரல வட்டமா காட்டணும், நம்மாளுங்க பழக்கதோஷத்துல கட்டைவிரல காட்டிடறாங்க. முந்தின நாள் ராத்திரி சரக்கு வேணாம், முதுகு கருகாம இருக்க ஃபுல் ஸ்லீவ் டீஷர்ட் போடுங்க.

வீட்ல பெரியவங்களுக்கு இதய பிரச்சனை, பிபி, ஆஸ்துமான்னு ஏதாவது இருந்தா டாக்டர்கிட்ட கேக்காம இறக்காதீங்க. அவங்களுக்கு அடியில கண்ணாடி வச்ச போட் இருக்கு, நார்த் பேலயே கிடைக்கும், அதுல உக்கார வச்சுடுங்க, புடவையும் நனையாது.