பள்ளி லாக்டவுனும் போலீஸும்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

அமெரிக்கப் பள்ளிகளில் துப்பாக்கி ஆபத்து வந்தால் பள்ளியும் போலீஸும் என்ன செய்ய வேண்டும் என்பதுதான் இந்த முறை பேச்சு. வந்த கடிதங்களில் பாதி டெக்சஸ், ஜார்ஜியா பக்கமிருந்து, அங்கே பிள்ளைகளைப் படிக்க வைக்கும் நம்மவர்கள் எழுதியவை. ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்தால் ஒருவருக்கு மட்டும் பதில் சொல்லியிருக்கிறேன்.

மகள் பள்ளியிலிருந்து 'செக்யூர்' என்று மெசேஜ் வந்தது. பதறியடித்து ஓடினோம், ஒரு மணி நேரம் வாசலிலேயே நிற்க வைத்துவிட்டார்கள். இது நியாயமா? (ஃப்ரிஸ்கோ)

நியாயம்தான். செக்யூர் என்றால் ஆபத்து கட்டடத்துக்கு வெளியே: வெளிக்கதவுகளைப் பூட்டிவிட்டு உள்ளே பாடம் நடக்கும். லாக்டவுன் என்றால் ஆபத்து உள்ளேயே இருக்கிறது: வகுப்புக் கதவு பூட்டு, விளக்கு அணைப்பு, கண்ணில் படாத மூலையில் சத்தமில்லாமல் இருப்பது. பள்ளி திறந்த வாரம் நீங்கள் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த தாள்களில் இதெல்லாம் இருந்திருக்கும், தயவுசெய்து படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். இன்னொன்று, எத்தனை முறை எழுதினாலும் தீரவில்லை: காரை எடுத்துக்கொண்டு பள்ளிக்கு ஓடாதீர்கள். ஆம்புலன்ஸ் வர வேண்டிய பாதையில் உங்கள் கார் நிற்கும். பிள்ளைகளை எங்கே ஒப்படைப்பார்கள் என்று பள்ளி சொல்லும், அங்கே போங்கள்.

லாக்டவுன் சமயத்தில் மகனுக்குப் போன் செய்யலாமா? (எடிசன்)

கூடாது. இருட்டறையில் பதுங்கியிருக்கும் பிள்ளையின் பையில் போன் அடித்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

சென்னையில் பள்ளிகளுக்கு வெடிகுண்டு மிரட்டல் மெயில் வந்தபோது பிள்ளைகளை வெளியே அனுப்பினார்கள். இங்கே மட்டும் ஏன் உள்ளே வைத்துப் பூட்டுகிறார்கள்? (பேரனைப் பார்க்க வந்திருக்கும் தாத்தா, ஆஸ்டின்)

நல்ல கேள்வி ஐயா. குண்டு என்றால் கட்டடமே ஆபத்து, அதனால் வெளியேற்றுவார்கள். துப்பாக்கியோடு ஒருவன் தாழ்வாரத்தில் நடக்கிறான் என்றால் தாழ்வாரம்தான் ஆபத்து. இரண்டுக்கும் ஒரே வைத்தியம் கிடையாது.

எங்கள் பள்ளி பாதுகாப்பானதா? ஒரே வரியில் சொல்லவும்.

பள்ளியின் பெயரும் இல்லை, ஊரும் இல்லை. என்ன சொல்ல?

வகுப்புக் கதவில் பூட்டு இருக்கிறது, அப்புறம் என்ன பயம்? (ஹூஸ்டன்)

பூட்டு இருப்பது வேறு, பூட்டுவது வேறு. 2012-இல் சாண்டி ஹூக் பள்ளித் துப்பாக்கிச்சூட்டில் 20 குழந்தைகளும் 6 பெரியவர்களும் செத்த பிறகு கனெடிகட் மாநிலம் ஒரு குழு போட்டது. பூட்டிய வகுப்புக் கதவை உடைத்துக்கொண்டு துப்பாக்கிக்காரன் உள்ளே போன சம்பவம் அதுவரை ஒன்றுகூட இல்லை என்று அந்தக் குழு எழுதியது. அவ்வளவு பெரிய விஷயம் ஒரு சாதாரணப் பூட்டு. ஆனால் 2022-இல் துப்பாக்கிச்சூடு நடந்த, டெக்சஸின் உவால்டே ஊரில் உள்ள ராப் எலிமெண்டரி பள்ளியில் 111-ஆம் அறைக் கதவு ஒழுங்காகப் பூட்டாது என்பது தெரிந்த விஷயம், சரி செய்யச் சொல்லி யாரும் முறையாக எழுதிக் கொடுக்கவில்லை. சாவிகள் போதவில்லை என்று கல்லும் காந்தமும் வைத்துக் கதவுகளைத் திறந்தே வைப்பது அங்கே பழக்கமாகிப்போயிருந்தது. அடுத்த முறை ஆசிரியரைப் பார்க்கப் போகும்போது, 'இந்தக் கதவு உள்ளிருந்து பூட்டுமா?' என்று கேளுங்கள். பூட்டிக் காட்டச் சொல்லுங்கள்.

உவால்டே போலீஸை எல்லோரும் திட்டுகிறார்கள். உள்ளே துப்பாக்கியோடு ஒருவன் இருக்கும்போது போலீஸ் எச்சரிக்கையாக இருந்தது தப்பா? அவர்களுக்கும் குடும்பம் இல்லையா? (கேட்டி)

தப்பு. இந்தக் கேள்வி எனக்கு மாதாமாதம் வருகிறது, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

1999-இல் கொலம்பைன் பள்ளியில் துப்பாக்கிச்சூடு நடந்தபோது போலீஸ் வெளியே சுற்றி வளைத்து நின்று, சிறப்புப் படை வரட்டும் என்று காத்திருந்தது. உள்ளே சுடப்பட்ட ஆசிரியர் ஒருவர் மூன்று மணி நேரத்துக்கு மேல் ரத்தம் வழியக் கிடந்து செத்துப்போனார். அதற்குப் பிறகு அமெரிக்கா முழுக்கப் பாடம் மாறிவிட்டது: முதலில் வந்த போலீஸ்காரர், தனியாளாக இருந்தாலும், நேரே துப்பாக்கிக்காரனை நோக்கிப் போக வேண்டும். இந்தப் பயிற்சியைத் தரும் முக்கியமான மையமே டெக்சஸ் மாநிலப் பல்கலைக்கழகத்தில்தான் இருக்கிறது. அதை எஃப்பிஐ நாட்டுக்கே அளவுகோலாக ஏற்றது 2013-இல். உவால்டே பள்ளிப் போலீஸும் சம்பவத்துக்கு இரண்டு மாதம் முன்புதான், 2022 மார்ச்சில், இதற்கான பயிற்சியை நடத்தியது. தெரியாமல் செய்தார்கள் என்று சொல்லவே வழியில்லை.

மே 24 அன்று அவன் உள்ளே நுழைந்து மூன்று நிமிடத்தில் போலீஸ் தாழ்வாரத்தில் இருந்தது. கதவருகே போனதும் உள்ளிருந்து சுட்டான், பின்வாங்கினார்கள். அதற்குப் பிறகு அதைத் தனி ஆள் அறைக்குள் பதுங்கிய வழக்குபோல நடத்தினார்கள். சாவிக்கொத்து தேடினார்கள். ஒவ்வொரு சாவியாக வேறு கதவுகளில் போட்டுப் பார்த்தார்கள். 111-ஆம் அறைக் கதவு பூட்டியிருக்கிறதா என்று கைப்பிடியைத் திருப்பிப் பார்த்தவர் ஒருவர்கூட இல்லை, அது பெரும்பாலும் பூட்டாமலே இருந்திருக்கும் என்றது டெக்சஸ் சட்டமன்றக் குழு. ஒரு அதிகாரி சுவரில் இருந்த சானிடைசரை அழுத்திக் கையைத் துடைத்துக்கொள்வது தாழ்வாரக் கேமராவில் பதிவாகியிருக்கிறது. பன்னிரண்டு மணிக்கு மேல், அதை ஒட்டிய 112-ஆம் அறைக்குள்ளிருந்து குழந்தைகள் அவசர எண் 911-ஐ அழைத்துப் போலீஸை அனுப்பச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அந்தப் போலீஸ் சுவருக்கு அந்தப் பக்கம்தான் நின்றது. 12.50-க்குத்தான் உள்ளே போனார்கள். 77 நிமிடம், வந்து சேர்ந்தவர்கள் 376 பேர், செத்தவர்கள் 19 குழந்தைகள், 2 ஆசிரியைகள்.

இத்தனை பேரில் யார் பொறுப்பு? எழுத்தில் இருந்த திட்டப்படி பள்ளிப் போலீஸ் தலைவர் பொறுப்பு. அவரோ வானொலிக் கருவிகளை வெளியே விட்டுவிட்டு உள்ளே போனவர், தலைமை தன்னிடம் என்று தான் நினைக்கவில்லை என்றார். அவர் எடுக்கவில்லை என்று தெரிந்த பிறகும் மாநிலப் போலீஸோ எல்லைக் காவலோ தலைமையைக் கையில் எடுக்கவில்லை. காயம்பட்ட குழந்தைகளைப் பள்ளிப் பேருந்தில் ஏற்றி அனுப்பினார்கள், செத்துப்போனவர்கள் ஆம்புலன்ஸில் இருந்தார்கள். 2024-இல் வந்த மத்திய அரசின் நீதி அமைச்சக அறிக்கை, கிட்டத்தட்ட 600 பக்கம், எல்லாவற்றையும் எழுதி வைத்திருக்கிறது. முறைப்படி நடந்திருந்தால் சில உயிர்கள் பிழைத்திருக்கும் என்று அன்றைய அட்டர்னி ஜெனரல் மெரிக் கார்லண்டே சொன்னார்.

போலீஸுக்கும் குடும்பம் உண்டு, மறுக்கவில்லை. நாஷ்வில் போலீஸுக்கும் குடும்பம் உண்டு. 2023-இல் அங்கே கவனன்ட் பள்ளியில் நடந்த துப்பாக்கிச்சூட்டில் முதல் அழைப்பு வந்து சுமார் 14 நிமிடத்தில் எல்லாம் முடிந்தது, சுடும் சத்தம் வந்த திசையில் ஓடினார்கள். மறுநாளே பாடி கேமரா பதிவையும் வெளியிட்டார்கள். உவால்டே குடும்பங்கள் பதிவுகளுக்காக ஆண்டுக்கணக்கில் நீதிமன்றம் ஏறி இறங்க வேண்டியிருந்தது. பயந்ததைக்கூட ஒரு நாள் மன்னிக்கலாம், பிள்ளையைப் பறிகொடுத்தவர்களிடம் பதிவை மறைத்ததை என்னால் மன்னிக்க முடியவில்லை.

போலீஸ் உள்ளே போகாவிட்டால் சட்டப்படி தண்டனை உண்டா? (அட்லாண்டா)

பெரும்பாலும் இல்லை. 1989-இல் டிஷேனி வழக்கிலும் 2005-இல் கேஸில் ராக் வழக்கிலும் உச்ச நீதிமன்றம் சொன்னதன் சாரம்: தனி மனிதர் இன்னொரு தனி மனிதரைத் தாக்குவதிலிருந்து காப்பாற்றியே ஆக வேண்டும் என்று அரசியல் சட்டம் போலீஸைக் கட்டாயப்படுத்தவில்லை. ஃபுளோரிடாவின் பார்க்லாந்து பள்ளித் துப்பாக்கிச்சூட்டில் 17 பேர் செத்தபோது வெளியே நின்ற பள்ளிக் காவலரை 2023-இல் ஜூரி எனும் நடுவர்கள் விடுவித்தார்கள். உவால்டேயில் இருவர் மீது 2024-இல் குற்றம் சாட்டினார்கள், அவர்களில் ஒருவரை நடுவர்கள் விடுவித்துவிட்டார்கள். நீதிமன்றத்தை நம்பி உட்காராதீர்கள். வேலையை விட்டு நீக்குவது, உரிமத்தைப் பறிப்பது, தேர்தலில் ஷெரிபை, அதாவது மக்கள் தேர்ந்தெடுக்கும் வட்டாரப் போலீஸ் தலைவரை, மாற்றுவது, இதெல்லாம் உள்ளூரில் உங்கள் கையில் இருக்கிறது.

பேனிக் பட்டன் (ஆபத்தில் அழுத்தும் அவசர பட்டன்) வாங்கப் போகிறார்களாம். பயன் உண்டா, பணம் வீணா? (ஆல்ஃபரெட்டா)

உண்டு. உங்கள் ஜார்ஜியா மாநிலத்திலேயே 2024-இல் அபலாச்சி பள்ளியில் துப்பாக்கிச்சூடு நடந்தபோது ஊழியர்கள் கழுத்தில் மாட்டியிருந்த பட்டனை அழுத்தினார்கள், பள்ளிக் காவலர்கள் நிமிடங்களில் எதிரில் நின்றார்கள், சுட்டவன் சரணடைந்தான். நான்கு பேர் செத்தார்கள் என்பதையும் மறக்காதீர்கள். ஒரு எச்சரிக்கை: அடிக்கடி அடிக்கும் மணியை யாரும் மதிக்க மாட்டார்கள். உவால்டேயில் எல்லைப் பகுதிக் கார் துரத்தல்களால் சில மாதத்தில் 50 அலர்ட் வரை வந்து, எல்லோருக்கும் பழகிப்போயிருந்தது.

பள்ளி வாரியக் கூட்டத்தில் மூன்று நிமிடம் பேச வாய்ப்பு கிடைத்திருக்கிறது. என்ன கேட்கட்டும்? (சான் அன்டோனியோ)

உரை நிகழ்த்தாதீர்கள், கேள்வி கேளுங்கள். சம்பவ இடத்தில் முதல் பத்து நிமிடம் யார் தலைமை, அவர் வராவிட்டால் அடுத்து யார்? நகரப் போலீஸ், ஷெரிப், மாநிலப் போலீஸ் எல்லோரும் ஒரே அலைவரிசையில் பேச முடியுமா? கட்டடத்துக்குள் சிக்னல் கிடைக்கிறதா என்று நடந்து பார்த்தார்களா? மாஸ்டர் சாவி எங்கே இருக்கிறது, இரவு ஷிப்ட் போலீஸுக்குத் தெரியுமா? எல்லாத் துறைகளும் சேர்ந்து கடைசியாக ஒத்திகை பார்த்தது எப்போது, அதில் கண்ட குறைகளின் அறிக்கை எங்கே? டெக்சஸில் 2025-இல் உவால்டே பெயரிலேயே ஒரு சட்டம் வந்திருக்கிறது, துறைகள் கூடித் திட்டமிடுவதும் பயிற்சியும் அதில் கட்டாயம், அதைச் சுட்டிக்காட்டியே கேட்கலாம். 'பாதுகாப்புக் காரணங்களால் சொல்ல இயலாது' என்று மழுப்புவார்கள். சாவி இருக்கும் இடத்துக்கு அந்தப் பதில் சரி. ஒத்திகை நடந்த தேதிக்குச் சரியில்லை. எழுத்துமூலம் தகவல் கோரி மனு போட்டுவிடுங்கள், பதில் வந்ததும் எனக்கும் ஒரு பிரதி அனுப்புங்கள்.