டேனிஷ் மொழியில் திசையும் துருவமும்: வாசகர் கேள்வி பதில்

(டேனிஷ் சொற்களைத் தமிழ் எழுத்தில், எழுத்துக்கூட்டலை ஒட்டியே தந்திருக்கிறோம். உச்சரிப்பு மாறும் இடங்களை அங்கங்கே சொல்லியிருக்கிறோம்.)

ஆங்கிலச் செயலி ஒன்றின் சொற்பட்டியலை டேனிஷுக்கு மாற்றும் வேலை வந்திருக்கிறது. 'போல்' என்ற ஆங்கிலச் சொல் பல இடங்களில் வருகிறது. டேனிஷிலும் 'போல்' இருக்கிறதே, அதையே எல்லா இடத்திலும் போட்டுவிடலாமா?
– வாசகர், கோயம்புத்தூர்

போட்டால் பாதி இடங்களில் தப்பாகும். ஆங்கிலத்தில் இரண்டு வேறு சொற்கள் காலப்போக்கில் ஒரே எழுத்துக்கூட்டலுக்கு வந்து சேர்ந்துவிட்டன. கம்பத்தைக் குறிப்பது லத்தீன் வழி வந்தது, துருவத்தைக் குறிப்பது கிரேக்க வழி வந்தது. டேனிஷில் இவை கலக்கவில்லை. துருவம், காந்த முனை, மின்கல முனை ஆகிய மூன்றுக்கு மட்டும்தான் 'போல்'. பேட்டரியில் 'ப்ளுஸ்போல்', 'மீனுஸ்போல்' என்று வரும்.

கம்பம் என்றால், அது என்ன வேலை செய்கிறது என்று பார்க்க வேண்டும். கையில் பிடிக்கிற, தூக்கி நிறுத்துகிற நீளக் கோல் 'ஸ்டாங்': கொடிக்கம்பம் 'ஃப்ளாக்ஸ்டாங்', தூண்டில் கோல் 'ஃபிஸ்கெஸ்டாங்', கூடாரக் கம்பு 'டெல்ட்ஸ்டாங்', கோலூன்றித் தாண்டுதல் 'ஸ்டாங்ஸ்ப்ரிங்'. தரையில் அறைந்து நட்டது 'பேல்': தொலைபேசிக் கம்பம் 'டெலிஃபோன்பேல்', தெருவிளக்குக் கம்பம் 'லூக்டெபேல்'. உயர் அழுத்த மின்கோபுரம் மட்டும் கப்பல் பாய்மரத்தோடு சேர்ந்து 'மாஸ்ட்' ஆகிவிடும். பனிச்சறுக்குக் கோல் 'ஸ்கீஸ்டாவ்'.

ஆங்கிலச் சொல் பெரிய எழுத்தில் தொடங்கினால் போலந்துக்காரராகவும் இருக்கலாம். அவர் டேனிஷில் 'பொலாக்', அதுவும் சிறிய எழுத்தில். ஆங்கிலத்தில் இதையொத்த சொல் வசவு என்பதால் பலர் தயங்குவார்கள். டேனிஷில் அதுதான் இயல்பான, மரியாதைக் குறைவில்லாத சொல். செயலிப் பட்டியலில் எல்லா வரியும் பெரிய எழுத்தில் தொடங்கும் என்பதால் எழுத்தின் அளவை நம்ப வேண்டாம். பக்கத்து வரிகளில் நாட்டினரின் பெயர்கள் இருக்கின்றனவா என்று பாருங்கள்.

இன்னொரு கண்ணி. டேனிஷில் 'அந்த' என்ற சுட்டு சொல்லின் வாலில் ஒட்டிக்கொள்ளும். ஆகவே குறிப்பிட்ட துருவம் 'போலன்'. போலந்து நாட்டின் பெயரும் 'போலன்'தான், முதல் எழுத்து மட்டும் பெரியது. பொத்தான்களில் எல்லா எழுத்தையும் பெரிதாக்குகிற செயலி என்றால் இரண்டும் ஒன்றாகிவிடும். முழுப்பெயராக 'நோர்ட்போலன்', 'ஸ்யூட்போலன்' என்று எழுதிவிட்டால் குழப்பம் இல்லை. அதை ஆங்கிலம் போல இரண்டு சொல்லாகப் பிரித்து எழுதுவது டேனிஷ்காரர் கண்ணில் உடனே படுகிற பிழை. முன்னால் தனியாகச் சுட்டு சேர்ப்பதும் அப்படியே.

அறிவியல் பாடம் மொழிபெயர்க்கிறேன். காந்தத்தின் வட முனைக்கும் பூமியின் வட துருவத்துக்கும் டேனிஷில் ஒரே சொல்லா?
– ஆசிரியை, ஓஹூஸ்

அடிச்சொல் ஒன்று, வடிவம் வேறு. காந்தத்தின் முனை சிறிய எழுத்தில், பொதுப்பெயராக 'நோர்ட்போல்'. பூமியின் உச்சி பெரிய எழுத்தில், ஒட்டுச் சுட்டோடு 'நோர்ட்போலன்'. திசைகாட்டி முள் தேடிப்போகிற இடம் 'டென் மக்னேடிஸ்கெ நோர்ட்போல்'. முன்னால் பெயரடை வந்துவிட்டதால் சுட்டும் முன்னால் வந்துவிட்டது, வாலில் ஒட்டவில்லை.

பாடத்தில் "பூமியின் காந்தத் தென் முனை வட துருவத்தின் அருகே இருக்கிறது" என்று வந்தால் அச்சுப்பிழை என்று திருத்திவிட வேண்டாம். முள்ளின் வட முனையை ஈர்ப்பது தென் முனையாகத்தான் இருக்க முடியும். இயற்பியல் பாடம் அந்தக் கணக்கில் பேசுகிறது, வரைபடமும் மாலுமியும் வழக்குப் பெயரில் பேசுகிறார்கள். ஒரே பாடத்தில் இரண்டும் வந்தால் முதல் இடத்தில் ஒரு வரி விளக்கம் சேர்த்துவிடுங்கள். முள் பற்றிய பாடம் என்பதால் ஓர்ஸ்டெட்டும் வருவார். மின்னோட்டம் பாய்கிற கம்பி முள்ளை விலக்குகிறது என்பதை 1820இல் கோபன்ஹேகனில் கண்டு வெளியிட்டவர். அந்த வெளியீடு லத்தீனில் இருந்தது. டேனிஷ் பாடநூல்களில் அவர் பெயர் தவறாது வரும்.

'போலார்' என்று தொடங்கும் ஆங்கிலச் சொற்களில் பெரும்பாலானவை அப்படியே செல்லும்: துருவ வட்டம் 'போலார்சிர்க்லன்', துருவ இரவு 'போலார்னாட்', துருவ நரி 'போலார்ரேவ்'. துருவக் கரடி மட்டும் 'ஈஸ்ப்யோர்ன்', அதாவது பனிக்கரடி. வடக்கொளி 'நோர்ட்லூஸ்', துருவ நட்சத்திரம் 'நோர்ட்ஸ்ட்யெர்னன்'.

திசைகளின் பெயரை எப்படி உச்சரிப்பது? நான் சொன்னால் கடைக்காரர் பாலாடைக்கட்டியைக் காட்டுகிறார்.
– வாசகர், ஹெர்னிங்

கிழக்குக்கு 'ஓஸ்ட்', பாலாடைக்கட்டிக்கு 'ஒஸ்ட்'. தமிழில் நெடில், குறில் என்று எழுதியிருந்தாலும் வேறுபாடு நீளத்தில் இல்லை. கிழக்கில் வருவது குறுக்கே கோடு வெட்டிய ஓ எழுத்து. நாக்கை 'எ' சொல்லும் இடத்தில் வைத்துக்கொண்டு உதட்டை மட்டும் 'ஓ'வுக்குக் குவியுங்கள். தெற்குக்கு 'ஸ்யூட்': நாக்கு 'ஈ', உதடு 'ஊ'. கடைசியில் உள்ள 'ட்' அழுத்தி வராது, நாக்கு நுனியைப் பல்லருகே தொட்டும் தொடாமலும் விட்டுவிட வேண்டும். வடக்கு 'நோர்ட்' என்பதில் கடைசி எழுத்து காதில் விழவே விழாது, 'நோர்' என்று நிறுத்துங்கள். மேற்கு 'வெஸ்ட்' சிக்கலில்லாதது. கையில்லா மேலங்கிக்கும் அதே சொல் என்றாலும் இடம் பார்த்துப் புரிந்துகொள்வார்கள்.

வடக்கு 'நோர்ட்' என்றால் கோபன்ஹேகனில் ஏன் 'நோர்ரெப்ரோ'? நீதிமன்றத்துக்கு ஏன் 'வெஸ்ட்ரெ'? எந்த இடத்தில் எந்த வடிவம்?
– வாசகி, வைலெ

ஒவ்வொரு திசைக்கும் நாலைந்து உருவங்கள் இருக்கின்றன. மனப்பாடம் செய்ய வேண்டியது பயன்பாட்டைத்தான்.

பழைய ஊர்ப்பெயர், தெருப்பெயர்களில் 'நோர்ரெ', 'ஸோண்டர்', 'ஓஸ்டர்', 'வெஸ்டர்'. கோபன்ஹேகனின் பழைய நகரவாயில்கள் இருந்த இடங்களுக்கு அருகே இன்று நோர்ரெபோர்ட், ஓஸ்டர்போர்ட், வெஸ்டர்போர்ட் என்று ரயில் நிலையங்கள் உள்ளன. அவற்றுக்கு வெளியே வளர்ந்த பகுதிகள் நோர்ரெப்ரோ, ஓஸ்டர்ப்ரோ, வெஸ்டர்ப்ரோ. இங்கே 'ப்ரோ'வைப் பாலம் என்று மொழிபெயர்ப்பவர்கள் உண்டு. அது கல் பாவிய சாலையைக் குறித்தது. தெற்கே அமாகர் தீவு என்பதால் அந்தப் பக்கம் அமாகர்ப்ரோ என்று பெயர். புதிதாக ஒரு பெயர் உருவாக்கும்போது இந்தப் பழைய வடிவங்களைத் தொடாதீர்கள். இருக்கும் பெயரை மாற்றவும் மாற்றாதீர்கள்.

நிறுவனப் பெயர்களில் 'நோர்ட்ரெ', 'ஸோண்ட்ரெ', 'ஓஸ்ட்ரெ', 'வெஸ்ட்ரெ'. மேல்நீதிமன்றங்கள் இரண்டு: கோபன்ஹேகனில் ஓஸ்ட்ரெ லான்ட்ஸ்ரெட், விபோர்க்கில் வெஸ்ட்ரெ லான்ட்ஸ்ரெட்.

வாக்கியத்துக்குள் வந்தால், 'வடக்கு நோக்கி' என்பது 'மோட் நோர்ட்', 'வடக்கே' (ஓர் இடத்துக்கு) 'நோர்ட் ஃபோர்', 'வடக்கிலிருந்து' 'நோர்ட்ஃப்ரா', 'வடபகுதி சார்ந்த' என்பது 'நோர்ட்லி'. யூலான்ட் தீபகற்பத்தின் வடபகுதி என்று பொதுவாகச் சொல்ல 'டெட் நோர்ட்லியெ யூலான்ட்'. 'நோர்ட்யூலான்ட்' என்று சேர்த்து எழுதினால், 2007இல் அமைந்த நிர்வாக மண்டலம் என்று படிப்பவர் எடுத்துக்கொள்ளக்கூடும். காற்றுக்கு 'நோர்டன்விண்ட்', அதாவது வடக்கிலிருந்து வருவது. நீரோட்டத்தைச் சொல்லும்போது கணக்கு தலைகீழ், அது போகிற திசையால் பெயர் பெறும்.

விழுந்துவிடக்கூடிய சில குழிகள்: 'நோர்ட்மான்' என்றால் வடக்கத்தியார் இல்லை, நார்வேக்காரர். 'நோர்டிஸ்க்' என்றால் வடக்கு சார்ந்தது இல்லை, நார்டிக் நாடுகள் சார்ந்தது. 'ஸ்யூடன்' என்றால் தென் துருவமும் இல்லை, தெற்கு டென்மார்க்கும் இல்லை: வெயிலைத் தேடி விடுமுறைக்குப் போகும் மத்தியதரைக்கடல் பக்கம். பயண விளம்பரங்களில் இந்தச் சொல் நிறைய வரும். பால்டிக் கடல் டேனிஷில் 'ஓஸ்டர்ஸோயன்', கிழக்குக் கடல் என்று பொருள். எதிர்க்கரையில் இருக்கும் எஸ்தோனியர் அதே நீரை அவர்கள் மொழியில் மேற்குக் கடல் என்கிறார்கள். ஆகவே கடல் பெயரில் உள்ள திசையை ஒருபோதும் சொல்லுக்குச் சொல் மாற்ற வேண்டாம். வட கடலுக்கு 'நோர்ட்ஸோயன்', 'வெஸ்டர்ஹாவெட்' என்று இரண்டு பெயர். வரைபடத்தில் முதலாவது, யூலான்ட் மேற்குக் கரைக்காரர் பேச்சில் இரண்டாவது.

எங்கள் நிறுவன மென்பொருளில் டேனிஷ் முகவரிகளும் அட்சரேகை, தீர்க்கரேகையும் ஏற்றும்போது கிழக்குள்ள வரிகள் மட்டும் விழுந்துவிடுகின்றன. என்ன காரணம்?
– வாசகர், சென்னை

அந்தக் கோடு வெட்டிய ஓதான். டேனிஷில் கிழக்கின் சுருக்கம் அந்த ஒற்றை எழுத்து, மேற்கின் சுருக்கம் 'வி'. ஆங்கிலத்தின் 'ஈ', 'டபிள்யூ' எழுத்துகளை மட்டும் எதிர்பார்க்கும் நிரல் இரண்டையும் ஏற்காது. மேற்கு வரிகளும் விழத்தான் வேண்டும். ஆனால் டென்மார்க் நிலம் முழுக்கக் கிழக்குத் தீர்க்கரேகையில் இருப்பதால் உங்கள் பட்டியலில் மேற்கே வந்திருக்காது. ஃபாரோ தீவுகளையோ கிரீன்லாந்தையோ சேர்க்கும் நாளில் அதுவும் வரும்.

செய்ய வேண்டியது: தரவுத்தளத்தில் திசை எழுத்தே வேண்டாம். பதின்மப் பாகையில், கிழக்கும் வடக்கும் கூட்டல், மேற்கும் தெற்கும் கழித்தல் என்று சேமியுங்கள். கோபன்ஹேகன் ஏறத்தாழ 55.68, 12.57. எழுத்தைத் திரையில் காட்டும்போது மட்டும் மொழிக்கேற்பச் சேருங்கள். கோப்பு யூடிஎஃப்-8 குறியாக்கத்தில் இருக்கட்டும். பழைய குறியாக்கத்தில் வந்தால் இந்த எழுத்து கேள்விக்குறியாகும். கையால் தட்டச்சு செய்தவர்கள் வெறும் ஓ அல்லது பூஜ்யம் போட்டிருப்பார்கள். சில எழுத்துருக்களில் பூஜ்யத்துக்கும் குறுக்குக்கோடு உண்டு என்பதால் கண்ணால் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது, தேடித்தான் பிடிக்க வேண்டும்.

முகவரியில் 2100 என்ற அஞ்சல் எண்ணுக்குப் பின் நகரப்பெயரோடு அந்த எழுத்து தனியாக நிற்கும், அதுதான் ஓஸ்டர்ப்ரோ பகுதி. 2200 வடக்கு, 2300 தெற்கு, 2400 வடமேற்கு, 2450 தென்மேற்கு. எழுத்து சிதைந்திருந்தால் எண்ணைக் கொண்டு மீட்டுவிடலாம். அகரவரிசையிலும் கவனம்: டேனிஷில் அது 'இசட்'டுக்குப் பிறகு வருவது. கிழக்கு என்று தொடங்கும் ஊர்கள் எல்லாம் பட்டியலின் வாலில்தான் இருக்கும்.

தட்டச்சுக்கு: விண்டோஸில் ஆல்ட் விசையை அழுத்திக்கொண்டு எண்பலகையில் 0216 பெரிய எழுத்து, 0248 சிறிய எழுத்து. மேக்கில் ஆப்ஷன் விசையோடு ஓ.

படகு ஓட்டும் தேர்வுக்குப் படிக்கிறேன். ஆங்கிலப் புத்தகத்தில் படித்த திசைகாட்டிச் சொற்களுக்கு டேனிஷ் சொற்கள் வேண்டும்.
– வாசகர், ஸோண்டர்போர்க்

உண்மை வடக்குக்கும் காந்த வடக்குக்கும் இடையிலுள்ள கோண வேறுபாட்டுக்கு, ஆங்கிலத்தில் நிலத்துக்கு ஒரு சொல், கடலுக்கு ஒரு சொல் என்று 'டெக்லினேஷன்', 'வேரியேஷன்' இரண்டும் வரும். டேனிஷ் மாலுமிக்கு இரண்டும் 'மிஸ்விஸ்னிங்'. 'வரியாஷோன்' என்று சொன்னால் வெறும் மாறுபாடு என்றுதான் புரியும். படகிலுள்ள இரும்பும் மின்கருவிகளும் முள்ளை இழுக்கும் பிழை 'தேவியாஷோன்'. உண்மை வடக்கைக் கொண்டு அளந்தது 'ரெட்விஸெண்டெ', காந்த வடக்கைக் கொண்டு அளந்தது 'மிஸ்விஸெண்டெ', திசைகாட்டி காட்டுவது 'தேவியெரெண்டெ'. ஒரு பொருள் தெரியும் திசை 'பெய்லிங்'. அதற்குரிய ஆங்கிலச் சொல் 'பேரிங்' எந்திரத்தின் தாங்குருளையையும் குறிக்கும், டேனிஷில் அது 'லைய', இந்த இரண்டையும் மாற்றிப் போட்ட கையேடுகள் உண்டு.

கணக்கு: கிழக்குப் பிழை கூட்டல், மேற்குப் பிழை கழித்தல். திசைகாட்டியிலிருந்து வரைபடத்துக்குப் போகும்போது குறியோடு அப்படியே கூட்டுங்கள். திசைகாட்டி 90°, தேவியாஷோன் மேற்கு 3°, மிஸ்விஸ்னிங் கிழக்கு 4° என்றால், 90 − 3 = 87, 87 + 4 = 91°. வரைபடத்திலிருந்து திசைகாட்டிக்கு வரும்போது குறிகளைத் திருப்ப வேண்டும். தேர்வில் பெரும்பாலும் இங்கேதான் சறுக்கும். வரைபட வட்டத்தில் அச்சான மிஸ்விஸ்னிங் பழைய ஆண்டுக்குரியது. பக்கத்திலேயே ஆண்டு மாற்றம் இருக்கும், ஆண்டுகளால் பெருக்கிச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

திசைகாட்டி வட்டத்தின் பழைய 32 பிரிவுகளில் ஒன்று 'ஸ்ட்ரெக்', 11¼°. அடுத்தடுத்த பெயர்களை இணைக்க டேனிஷில் 'டில்' வரும்: 11¼° என்பது 'நோர்ட் டில் ஓஸ்ட்'. ஆங்கில வழக்கைப் பார்த்து நடுவில் 'பை' போட்டுவிடாதீர்கள், அதே எழுத்துக்கூட்டல் டேனிஷில் ஊர் என்று பொருள்படும்.

தரங்கம்பாடி வரலாற்றுக்காக டேனிஷ் ஆவணக் காப்பகத்தில் இணையவழி தேடுகிறேன். கிழக்கிந்தியா என்று டேனிஷில் தட்டினால் குறைவாகவே வருகிறது.
– ஆய்வு மாணவி, மயிலாடுதுறை

இன்றைய எழுத்துக்கூட்டலில் தேடியிருப்பீர்கள். 1616இல் நான்காம் கிறிஸ்தியான் உரிமம் தந்த கம்பெனியின் பெயர் 'ஒஸ்டிண்டிஸ்க் கொம்பனி', கோடு வெட்டாத சாதாரண ஓ. டச்சு, கீழ் ஜெர்மன் வணிகர் வழக்கின் சாயல் அது, இந்தப் பகுதியின் பெயரில் மட்டும் அப்படியே தங்கிவிட்டது. 1897இல் தொடங்கிய வேறொரு வணிக நிறுவனம் தன் பெயரில் கிழக்காசியாவைக் கோடு வெட்டிய எழுத்தால்தான் எழுதியது. ஆகவே இரண்டு எழுத்தாலும் தேடுங்கள்.

ஊர்ப்பெயரையும் 'கே' எழுத்திட்ட 'ட்ராங்கெபார்', 'க்யூ' எழுத்திட்ட 'ட்ராங்குபார்' என இரண்டு வகையிலும், கோட்டையை 'டான்ஸ்போர்க்' என்றும் தட்டிப் பாருங்கள். 1620 முதல், பிரித்தானியருக்கு விற்ற 1845 வரை ஆண்டு வரம்பு வையுங்கள். 'வெஸ்ட்இண்டியன்' என்று வரும் முடிவுகளை ஒதுக்கிவிடலாம். அவை 1917இல் அமெரிக்காவுக்கு விற்கப்பட்ட கரீபியன் தீவுகளைப் பற்றியவை.