பாலின ஹார்மோனும் செல் சவ்வும்: கேள்வி-பதில்

கே: இன்சுலினை ஊசியில் போடுகிறோம். டெஸ்டோஸ்டிரோன் ஜெல்லைத் தோளில் தடவினாலே ரத்தத்தில் ஏறிவிடுமாமே?

ஏறும். இன்சுலின் பெரிய புரதம். டெஸ்டோஸ்டிரோனோ, கொலஸ்ட்ராலின் 27 கார்பன்களில் 19 மட்டும் மிஞ்சிய சின்ன மூலக்கூறு. நீரும், ஆக்டனால் என்ற எண்ணெய் போன்ற திரவமும் உள்ள குடுவையில் போட்டால், ஆக்டனால் பக்கம் சுமார் 2,000 மடங்கு அதிகமாகச் சேரும். செல் சவ்வு என்பது பாஸ்போலிப்பிட் என்ற கொழுப்பு மூலக்கூறுகளின் ஈரடுக்கு. நடுவில் முழுக்கக் கொழுப்பு வால்கள். அதனால் சுலபமாக நுழைந்துவிடுகிறது. ஜெல் தடவிய தோளில் குழந்தையைச் சாய்த்துக்கொள்ளாதீர்கள்; அதன் தோலிலும் ஏறும்.

கே: கொலஸ்ட்ரால் சவ்விலேயே தங்குகிறது. அதிலிருந்து உருவான ஹார்மோன் ஏன் தங்குவதில்லை?

கொலஸ்ட்ராலுக்கு ஒரு முனையில் மட்டும் ஹைட்ராக்சில், அதாவது நீரை விரும்பும் OH தொகுதி. அது நீர்ப்பக்கம் நிற்க, மறுமுனை வால் கொழுப்புக்குள் புதைந்துகொள்ளும். ஈஸ்ட்ராடையால் என்ற பெண் ஹார்மோனுக்கு அந்த வால் கிடையாது, இரு முனையிலும் ஹைட்ராக்சில் வேறு. பிடிப்பு குறைவு, வரும், போகும்.

கே: ஹார்மோன் உட்கருவுக்குப் போய் மரபணுவைத் தூண்டினால்தான் வேலை நடக்கும் என்று படித்தேன். சரிதானா?

பாதி சரி. விந்தணுவைப் பாருங்கள். அதன் டிஎன்ஏ இறுகச் சுருண்டு கிடக்கிறது. மரபணுவைத் தூண்டி ஒன்றும் ஆகப்போவதில்லை. ஆனாலும் கருமுட்டையைச் சூழ்ந்த செல்கள் சுரக்கும் புரோஜெஸ்டிரோன் என்ற பெண் ஹார்மோன் பட்டதும், சில நொடிகளில் கால்சியம் உள்ளே பாய்கிறது, வால் வேகமாக அடிக்கிறது. வாலில் இருக்கும் கேட்ஸ்பெர் என்ற கால்சியம் வாயில் திறப்பதே காரணம் என்று 2011-இல் தெரிந்தது. எப்படித் திறக்கிறது என்பது பிடிபட்டது 2016-இல். சவ்விலுள்ள 2-ஏஜி என்ற லிப்பிட் (கொழுப்பு மூலக்கூறு) அந்த வாயிலுக்குப் போட்ட பூட்டு மாதிரி. புரோஜெஸ்டிரோன் ஏபிஎச்டி2 என்ற நொதியை முடுக்கிவிட, அது 2-ஏஜியைச் சிதைத்துவிடுகிறது, வாயில் திறக்கிறது. இந்தத் துறையில் எனக்கு மிகப் பிடித்த கண்டுபிடிப்பு இது. ஹார்மோன் செல்லுக்குள் போகவே வேண்டியதில்லை, பாருங்கள்!

கே: ஈஸ்ட்ராடையால் சவ்வின் இளக்கத்தை மாற்றுவதாக ஆய்வுகள் சொல்கின்றனவே?

சொல்கின்றன. ஆனால் அளவைக் கவனியுங்கள். செயற்கைச் சவ்வில் பெரும்பாலும் மைக்ரோமோலார் (செறிவின் அலகு; 1,000 நானோமோலார்) கணக்கில் சேர்க்கிறார்கள். மாதச் சுழற்சியின் உச்சத்தில்கூட ரத்தத்தில் ஈஸ்ட்ராடையால் 1 நானோமோலார் வாக்கில்தான். அதிலும் பெரும்பகுதி புரதங்களோடு ஒட்டியிருக்கும். ஆயிரம் மடங்கு வித்தியாசம் இருக்கும்போது, குடுவையில் நடந்தது உடலிலும் நடக்கும் என்று நான் நம்பமாட்டேன்.

கே: அப்படியானால் இந்த ஹார்மோன்கள் போன்ற ஸ்டீராய்டுகளுக்குச் சவ்வில் தனி வழி தேவையே இல்லையா?

எல்லாவற்றுக்கும் அப்படிச் சொல்ல முடியாது. பழ ஈயில் எக்டைசோன் என்ற தோலுரிப்பு ஸ்டீராய்டு செல்லுக்குள் போக ஒரு கடத்திப் புரதம் வேண்டும் என்று 2018-இல் காட்டினார்கள். நம் உடலிலும், ஈஸ்ட்ரோன் என்ற பெண் ஹார்மோனோடு சல்ஃபேட் ஒட்டிய ஈஸ்ட்ரோன் சல்ஃபேட்டுக்கு அப்படித்தான். சல்ஃபேட்டின் மின்னேற்றத்தோடு கொழுப்பைத் தாண்டுவது கஷ்டம்.